வாழைக் குருத்து நுனியைத் திரவ நைட்ரஜனில் சேமிக்கும் முறை

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. வாழைத் தோப்புகளும் பண்ருட்டிப் பலா மரங்களும் அன்று வேரோடு சாய்ந்தன. நாம் சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது, கன்றுதான் வித்து. கடைசித் தோப்பும் அழிந்தால் ரகமே போய்விடும். பலாவுக்குக் கொட்டை இருந்தாலும் அதை உலர்த்திக் குளிரில் வைத்தால் செத்துவிடும். முளைக்கருவை மட்டும் உறையவைக்கலாம். ஆனால் அதிலிருந்து வரும் மரம் தாயைப் போலவே காய்க்காது. எனவே இங்கே வாழைக் குருத்தின் நுனியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து ரகத்தைக் காத்து, பிறகு செடியாக மீட்கும் முறையை மட்டும் பார்ப்போம்.

திசு வளர்ப்புக் குழாயில் வேர் பிடித்த, நோயற்ற செடிகளிலிருந்து தொடங்குங்கள். முடிக்கொத்து நோய் உள்ளிட்ட வைரஸ் சோதனைகளை முன்பே முடித்துவிடுங்கள். உறையவைத்தால் வைரஸ் ஒழிந்துவிடும் என்று நம்ப முடியாது, அதுவும் செடியோடு சேர்ந்து பத்திரமாக இருக்கும்.

கரைசல்கள் ஒவ்வொன்றும் 100 மி.லி. அளவுக்கு, எம்எஸ் (முராஷிகி-ஸ்கூக் என்ற திசு வளர்ப்புச் சத்துக்கலவை) திரவ ஊடகத்தில், அமிலநிலை (pH) 5.8:
முன்கரைசல்: கிளிசரால் 18.4 கிராம், சர்க்கரை 13.7 கிராம்.
பிவிஎஸ்-2 (உறையும்போது பனிப்படிகம் வராமல் காக்கும் கரைசல்): கிளிசரால் 30 கிராம், எத்திலீன் கிளைகால் 15 கிராம், டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) 15 கிராம், சர்க்கரை 13.7 கிராம்.
மீட்புக் கரைசல்: சர்க்கரை 41.1 கிராம்.

சர்க்கரை என்பது ஆய்வகத் தரச் சுக்ரோஸ். திரவங்களையும் தராசில் எடை போட்டே எடுங்கள். கிளிசரால் பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் மி.லி. கணக்கு எப்போதும் குறைந்தே வரும். பிவிஎஸ்-2-ஐ டிஎம்எஸ்ஓ தாங்கும் நைலான் வடிகட்டியில் வடிக்கவும்.

பலன் பெரும்பாலும் கத்தியில்தான் இருக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் இலையுறைகளை ஒவ்வொன்றாக உரித்து, ஒன்றிரண்டு இளம் இலைமுகைகளோடு 1 மி.மீ. அளவில் நுனியை எடுங்கள். பனித்துளி போலப் பளபளக்கும் குவிமாடம் (செடி வளரும் முனை) பாதியாவது வெளியே தெரிய வேண்டும். மூடியே இருந்தால் கரைசல் உள்ளே போகாது. துண்டு பெரிதானால் நடுவில் நீர் தங்கிப் பனிப்படிகமாகி, செல்சவ்வைக் கிழித்துவிடும். வெட்டிய நுனியைக் காயவிடாமல் உடனே முன்கரைசலில் போடுங்கள். அறை வெப்பநிலையில் 20 நிமிடம் போதும்.

அடுத்தது 0 டிகிரியில், ஐஸ் மேல் வைத்த பிவிஎஸ்-2. பொதுவாக 30 முதல் 50 நிமிடம். நேரம் குறைந்தால் பனிப்படிகம், கூடினால் நஞ்சு. ரகத்துக்கு ரகம் இது மாறும் என்பதால் 20, 30, 40, 50 நிமிடங்களில் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் ஊர் வெக்கையில் ஐஸ் சீக்கிரம் கரையும், தொட்டியை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, குளிர்ந்த தட்டில் வைத்த அலுமினியத் தாள் பட்டையில் 15 மைக்ரோலிட்டர் பிவிஎஸ்-2 துளி விட்டு நுனிகளை அதில் வையுங்கள். கடற்கரை ஈரக்காற்று குளிர்ந்த தட்டில் வியர்த்து, துளியில் நீர் சேர்க்கும். முன்கூட்டியே பரப்பி வைக்க வேண்டாம். பிறகு பட்டையைத் தயங்காமல் நைட்ரஜனில் முக்குங்கள். துளி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் சரி. பால் போல வெளுத்தால் படிகம் வந்துவிட்டது, அந்தப் பட்டையைச் சேமிக்காதீர்கள்.

பட்டையை நைட்ரஜன் நிரம்பிய 2 மி.லி. குழாய்க்கு மாற்றுங்கள். பிவிஎஸ்-2 சுமார் −115 டிகிரிக்கு மேல் கண்ணாடித் தன்மையை, அதாவது படிகமில்லாமல் இறுகிய நிலையை, இழக்கும். குழாயை வெளியே தூக்கிப் பிடித்து லேபிள் படிக்கும் பழக்கம் கூடாது.

மீட்கும்போது பட்டையை நேராக அறை வெப்பநிலையிலுள்ள மீட்புக் கரைசலில் போட்டு 15 நிமிடம் விடுங்கள். மெதுவாக உருகினால் படிகம் திரும்ப உருவாகும். பிறகு லிட்டருக்கு 103 கிராம் சர்க்கரையுள்ள ஊடகத்தில் இரண்டு நாள், அதன்பின் லிட்டருக்கு 0.5 மி.கி. பிஏபி (தண்டு வளரத் தூண்டும் ஹார்மோன்) சேர்த்த எம்எஸ் ஊடகம். முதல் வாரம் முழு இருட்டில் வையுங்கள். லேசாகக் கறுத்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நடுவிலிருந்து பச்சை எழக்கூடும். தண்டு இல்லாமல் கேலஸ் (உருவமற்ற திசுக்கட்டி) மட்டும் வீங்கினால் அதைப் பிழைத்த கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு ரகத்தையும் மூன்று தனித்தனி நாட்களில் உறையவைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் சில பட்டைகளை உருக்கிப் பார்த்த பிறகே மீதியைச் சேமியுங்கள். பிவிஎஸ்-2 வரை போய் உறையவைக்காத நுனிகளையும் உடன் வளர்த்தால், தவறு கரைசலிலா குளிரிலா என்பது தெரிந்துவிடும்.

ஒரு லிட்டர் நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். ஏசிக்காகக் கதவடைத்த அறையில் அந்த வாயு மூச்சுத்திணறும் முன் எந்த அறிகுறியும் தராது. ஆக்சிஜன் அளவி, முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு, குளிர் தாங்கும் கையுறை மூன்றும் கட்டாயம். கலன் மூடியை இறுக்கி அடைக்காதீர்கள். வாரம் ஒருமுறை மரக்குச்சியை அடிவரை விட்டு எடுத்து, வெள்ளையாகப் பனி பூக்கும் உயரத்தை, அதாவது நைட்ரஜன் மட்டத்தை, ஏட்டில் குறித்து வையுங்கள்.