‘விளங்கிச்சா?’ என்று கேட்காதீர்கள்: பெண்களின் இடுப்புத்தள வினாக்கொத்தைத் திருகோணமலைத் தமிழுக்குக் கொண்டுவருதல்

இடுப்புத்தளம் என்றால் சலப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள். அதன் கோளாறுகளைப் பெண்களிடம் கேட்கும் ஆங்கில வினாக்கொத்தை மொழிபெயர்க்க உட்காருவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. வினாக்கொத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அப்படியே தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இருந்தால் நல்லது. ஆனால் அது தமிழ்நாட்டில் செய்தது என்றால் அப்படியே அச்சடித்துக் கொண்டுபோக வேண்டாம். ‘யூரின்’, ‘மோஷன்’ என்று எழுதிய தாளை மூதூரில் நீட்டினால் பெண்கள் பதில் சொல்லத்தான் செய்வார்கள். எதற்குச் சொன்னார்கள் என்பதுதான் தெரியாது.

எதைத் தெரிவது? சலக்கசிவு (சிறுநீர் தன்னையறியாமல் ஒழுகுவது) மட்டும் பார்ப்பதென்றால் ஐசிஐக்யூ-யூஐ (ICIQ-UI) என்ற வினாக்கொத்தின் குறுவடிவம் போதும்: எத்தனை தரம் (0–5), எவ்வளவு (0, 2, 4, 6), அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது (0–10). கூட்டினால் 0 முதல் 21 வரை வரும். எப்போது கசிகிறது என்ற கடைசிக் கேள்விக்குப் புள்ளி இல்லை. கர்ப்பப்பை இறக்கம், மலம், சலம் மூன்றும் வேண்டுமென்றால் பிஎஃப்டிஐ-20 (PFDI-20). அதில் முறையே 6, 8, 6 கேள்விகள். தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்கும் பிஐஎஸ்க்யூ-12 (PISQ-12), அந்த உறவில் இருப்பவர்களுக்கு மட்டும். கணவனை இழந்தவரின் கையில் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு சங்கடப்படாதீர்கள்.

தமிழாக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மருத்துவம் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். இருவரும் தனித்தனியே எழுதட்டும். மருத்துவம் தெரிந்தவர் ‘அவயவச் சரிவு’ என்று எழுதுவார். மற்றவர் ‘கீழே சதை தள்ளுது’ என்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றாக்குங்கள், ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். பிறகு மூலத்தைப் பார்க்காத இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள்.

பலர் இந்த இடத்திலேயே வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். திருப்பிய ஆங்கிலம் மூலத்தோடு ஒத்துப்போனால் படித்த இரண்டு பேர் ஒரே அகராதியை நினைத்தார்கள் என்றுதான் அர்த்தம். ‘இடுப்புப் பகுதியில் பாரம்’ என்ற வரி திரும்பிப் போகும்போது அழகாகப் பொருந்தும். தம்பலகாமத்தில் வயல் வேலை செய்யும் பெண்ணுக்கோ இடுப்பு என்றால் சீலை கட்டும் இடம். நாரி நோவை (கீழ்முதுகு வலியை) மனதில் வைத்து ‘ஓம்’ என்பார். ‘அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இரண்டுக்கும் நடுவே’ என்று இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

‘அவசரமாகச் சலம் வருதல்’ இன்னொரு பொறி. வேலை அவசரத்தில் போவதையும், அடிக்கடி போவதையும் அதற்குள் போட்டுவிடுவார்கள். ‘அடக்க ஏலாத மாதிரி திடீரெண்டு சலம் முட்டுறது’ என்றால் குழப்பம் குறையும். ‘நனைதல்’ என்று மட்டும் கேட்டால் வெள்ளைபடுதலும் வந்து சேரும். எதிர்மறைக் கேள்வி வேண்டவே வேண்டாம். ‘முழுதாகச் சலம் போகவில்லையா?’ என்பதற்கு ‘ஓம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் ஒரே பொருளாகலாம். ‘சலம் போன பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா?’ என்று கேளுங்கள். தெரிவுகளில் ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. நாலு தெரிவையும் கலைத்துக் கொடுத்து, குறைவில் இருந்து கூடுதலுக்கு அடுக்கச் சொல்லிப் பாருங்கள். ‘தொந்தரவு’ என்பதைவிடக் ‘கரைச்சல்’ வாயில் லேசாக வரும்.

அடுத்தது, தமிழ்க் கேள்விகளைப் பெண்களிடம் வாய்விட்டுக் கேட்டு, எப்படி விளங்குகிறது என்று பார்ப்பது. வினாக்கொத்து மொழிபெயர்ப்புக்கான 2005ஆம் ஆண்டின் ஐஎஸ்பிஓஆர் (ISPOR என்ற சர்வதேச ஆய்வாளர் சங்கம்) வழிகாட்டல் 5–8 பேர் என்கிறது. 2000இல் வந்த, பீட்டன் என்ற ஆய்வாளரின் குழு எழுதிய வழிகாட்டல் 30–40 பேர் என்கிறது. திருகோணமலையில் எண்ணிக்கையைவிட யார் யார் என்பது முக்கியம். உவர்மலையில் படித்த ஆசிரியை மட்டும் போதாது. கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று பேச்சு மாறும் இடங்களில் இருந்தும், வாசிக்கத் தெரியாதவர்களில் இருந்தும் ஆள் வேண்டும். ‘விளங்கிச்சா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘ஓம்’ என்பார்கள். ‘இந்தக் கேள்வியை உங்கட சொல்லில சொல்லுங்கோம்மா’ என்று கேளுங்கள், வருவதை அப்படியே எழுதுங்கள். மூன்று பேர் ஒரே சொல்லில் தடுக்கினால் சொல்லை மாற்றுங்கள், மாற்றியதை வேறு பெண்களிடம் கேளுங்கள்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் சொட்டுச் சலமும் ஒளுவை (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தத்தை) முறிக்கும், தொழுகை கெடும் என்ற கவலை வெளிவரலாம். அது மூலத்தில் இல்லை. அதற்கொரு கேள்வி சேர்க்கலாம். ஆனால் வினாக்கொத்து முடிந்த பிறகு தனியாக, மொத்தப் புள்ளியில் சேராமல்.

சுகவனிதையர் கிளினிக்கில் செய்தால் மறைப்பான இடம் தேவை. மாமியார் பக்கத்தில் இருந்தால் எல்லாப் பதிலும் ‘இல்லை’. வீட்டுக்கு வந்துபோகும் மிட்வைஃபிடமும் சில பெண்கள் மறைப்பார்கள். வெளியாள் ஒருவரை, பெண்ணாகவே, அமர்த்துங்கள். தாளைத் தானே நிரப்பினாரா, வாசித்துக் கேட்டோமா என்பதைக் குறிக்க வேண்டும். முதல் தரம் வாசித்துக் கேட்டால் இரண்டாம் தரமும் அப்படியே.

புள்ளிவிபரப் பக்கம் நேரடியானது. 100 பேரளவில் சேருங்கள். அவர்களில் 50 பேரையாவது ஒன்றிரண்டு கிழமைக்குள் மறுபடி கேளுங்கள், சிகிச்சை தொடங்குமுன். இடையில் பெசரி (இறக்கத்தைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம்) வைத்தாலோ தசைப்பயிற்சி பழக்கினாலோ நோயே மாறிவிடும், வினாக்கொத்தைப் பழி சொல்லக் கூடாது. மறுசோதனை ஒப்புமையும் (இரண்டு தரப் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது) குரோன்பாக் ஆல்ஃபாவும் (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.7க்கு மேல் வேண்டும். ஆல்ஃபா 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறீர்கள். மற்றக் கேள்விகளோடு 0.3க்குக் குறைவான தொடர்பு (correlation) காட்டும் கேள்வியைத் தூக்கி எறியாமல் அதன் தமிழைத் திரும்ப வாசியுங்கள். அந்த ‘இடுப்பு’ மாதிரி ஒன்று அங்கே ஒளிந்திருக்கலாம். பிறகு பொப்-க்யூ (POP-Q, கர்ப்பப்பை முதலிய உறுப்புகள் எவ்வளவு இறங்கியுள்ளன என்று அளக்கும்) பரிசோதனையில் இறக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்களின் புள்ளிகளை ஒப்பிடுங்கள்.

பிஎஃப்டிஐ-20இல் கணக்குப் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. ‘இல்லை’ என்றால் 0. ‘ஓம்’ என்றால் கரைச்சலைப் பொறுத்து 1 முதல் 4. சராசரியை 25ஆல் பெருக்கினால் ஒரு பிரிவின் புள்ளி, மூன்றும் சேர்ந்து உச்சம் 300. பதிலில்லாத கேள்வியைச் சராசரியில் சேர்ப்பதில்லை. ‘இல்லை’யையும் அப்படி வெறுமையாக விட்டால் கதை மாறும். 6 கேள்வியில் 4, 3, 2 என்று மூன்றும், மூன்று ‘இல்லை’யும் வந்தால் 9ஐ 6ஆல் வகுத்து 1.5, புள்ளி 37.5. ‘இல்லை’யை வெறுமையாகப் பதிந்தவருக்கு 9ஐ 3ஆல் வகுத்து 3, புள்ளி 75.