நிச்சயமின்மைக் குறியீட்டை ஆர் மென்பொருளில் வரைவது எப்படி?

குமரி மாவட்டத்துக் குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் ரப்பர் ஷீட் விலை ஆடும்போதெல்லாம், அரசு என்ன முடிவெடுக்கப் போகிறதோ என்ற பேச்சும் கூடவே எழும். அந்தத் தவிப்பை நாடளவில் எண்ணாக்கிக் காட்டுவதுதான் பொருளாதாரக் கொள்கை நிச்சயமின்மைக் குறியீடு. பேக்கர், புளூம், டேவிஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் வகுத்த முறை இது. இதை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் படமாக வரையலாம். பொருளாதாரம், கொள்கை, நிச்சயமின்மை மூன்றையும் குறிக்கும் சொற்கள் ஒரே செய்தியில் சேர்ந்து வந்தால் அது கணக்கில் சேரும். இந்தியாவுக்கான மாதத் தொடர் 2003 ஜனவரியில் தொடங்குகிறது. ஆங்கில நாளிதழ்களை வைத்துக் கணக்கிடுவதால், இதைக் குமரி மாவட்ட நிலவரமாகப் படிக்கக் கூடாது.

முதலில் தரவு. 'பாலிசி அன்சர்டனிட்டி' இணையதளத்தின் இந்தியா பக்கத்தில் எக்செல் கோப்பை இறக்குங்கள். வருடம், மாதம், குறியீடு என்ற மூன்று நெடுவரிசைகளுக்கும் இடைவெளியில்லாத சிறு பெயர் வையுங்கள். பிறகு கடைசி வரி வரை இறங்கிப் பாருங்கள். அங்கே மூலக் குறிப்பு இருந்தால் நீக்கிவிட்டு சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு, CSV) சேமியுங்கள். அந்த ஒரு வரி இருந்தாலே அது விழும் நெடுவரிசை முழுவதையும் ஆர் எழுத்தாகப் படித்துவிடும்; அது மாத நெடுவரிசையானால், வரிசைப்படுத்தும்போது மாதங்கள் 1, 10, 11, 12, 2 என்று மாறும்.

ரீட்.சிஎஸ்வி (read.csv) கட்டளையில் ஏற்றியதும், நெடுவரிசைகளின் வகையைக் காட்டும் எஸ்டிஆர் (str) கட்டளை கொடுத்து, மூன்றும் எண்களா என்று பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. 4.0க்கு முந்தைய ஆர் பதிப்புகள் எழுத்தை 'ஃபேக்டர்' (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வரிசை எண் தரும் வகை) ஆக்கிவிடும். அதை அப்படியே எண்ணாக மாற்றினால் குறியீட்டுக்குப் பதில் 1, 2, 3 என வரிசை எண்கள் வரும். எச்சரிக்கை எதுவும் வராது. படம் மட்டும் பொய்யாக இருக்கும்.

அடுத்தது தேதி. வருடமும் மாதமும் மட்டும் கொடுத்தால், தேதியாக மாற்றும் ஆஸ்.டேட் (as.Date) கட்டளை ஏற்காது. பேஸ்ட் (paste) கட்டளையில் இரண்டோடு 1ஐயும், இடையில் '-' குறி வரும்படி (sep="-") சேர்த்து, ஒவ்வொரு மாதத்தையும் முதல் தேதியாக்குங்கள்.

படம் வரையும் பிளாட் (plot) கட்டளையில் டைப் (type) என்ற இடத்தில் சிறிய 'எல்' (l) எழுத்து வர வேண்டும். 1 என்று அடித்தால் பிழை வரும். ஏபிலைன் (abline) கட்டளை கொண்டு 2016 நவம்பர் (பணமதிப்பிழப்பு), 2017 ஜூலை (ஜிஎஸ்டி), 2020 மார்ச் (ஊரடங்கு) மாதங்களில் செங்குத்துக் கோடு போடுங்கள். கோட்டின் தேதியும் மாதத்தின் 1ஆம் தேதியாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் புள்ளியைவிட்டு விலகி நிற்கும்.

ஷீட் விலையையும் சேர்க்க விரும்பினால், கோட்டயத்தில் உள்ள ரப்பர் வாரியத்தின் ஆர்எஸ்எஸ் 4 (புகையூட்டி உலர்த்திய ஷீட்டின் ஒரு தரம்) விலையை எடுங்கள். தினசரி விலையை மாதச் சராசரியாக்குங்கள். சந்தை விடுமுறை நாளைக் காலியாக விடுங்கள். 0 போட்டால் சராசரி சரிந்துவிடும். பிறகு முழுத் தொடரையும் அதன் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். குறியீட்டையும் அதே காலத்துக்கு அப்படியே செய்தால் இரண்டும் ஒரே அச்சில் அமரும். இடது வலதாக இரண்டு அச்சு வேண்டாம். அளவை மாற்றி மாற்றி எந்த உறவையும் இருப்பதுபோல் காட்டிவிட முடியும்.

சேமிக்க, வரைவதற்கு முன் பிஎன்ஜி (png) கட்டளையும், வரைந்த பின் டெவ்.ஆஃப் (dev.off) கட்டளையும் கொடுங்கள். பின்னதை மறந்தால் படக்கோப்பு முழுமையாகாது, திறக்கவும் திறக்காது.