பிரதான ஆசாரியனின் காலில் கயிறு இல்லை

போன மாதம் ஒரு தம்பி ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது மோசே வனாந்தரத்தில் அமைத்த ஆராதனைக் கூடாரத்தின், மாதிரி ஒன்றைத் தெர்மோகோலில் செய்து எடுத்துவந்தார். விடுமுறை வேதாகமப் பள்ளிக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தது. திரைக்கு நீலம், இரத்தாம்பரம், சிவப்பு என்று வேதத்தில் உள்ளபடியே நூல் தேடிப் பிடித்திருந்தார். கற்பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டிக்கு, அதைச் சுமக்கும் தண்டுகள்கூட இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிற நேரத்தில், திரைக்கு அடியிலிருந்து ஒரு நைலான் கயிறு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

"இது என்ன தம்பி?"

"பிரதான ஆசாரியன் காலில கட்டுற கயிறு சார். உள்ள செத்துப்போயிட்டா வெளிய இழுக்கிறதுக்கு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன் அதே கயிற்றை நானும் கட்டியிருக்கிறேன். என்னுடையது சணல், அவ்வளவுதான் வித்தியாசம்.

நோவாவின் பேழையையும் உடன்படிக்கைப் பெட்டியையும் குழப்புவது, கூடாரத்தைச் சாலொமோன் கட்டினான் என்று வாய்தவறிச் சொல்வது போன்றவற்றை நான் இங்கே எடுக்கவில்லை. அதையெல்லாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளே திருத்திவிடுவார்கள். பாட்டிகளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

தமிழ்ச் சொல் வரைந்துகொடுக்கும் படம்

பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் 25-இல் வருவது "குத்துவிளக்கு". கேட்டவுடன் நம் மனதில் எழுவது ஐந்து முகம் கொண்ட, உச்சியில் கூம்பு வைத்த பித்தளை விளக்கு. அங்கே சொல்லப்படுவது வேறு. நடுத்தண்டு ஒன்று, இரண்டு பக்கமும் மும்மூன்று கிளைகள், மேலே ஏழு அகல்கள், கிளையெங்கும் வாதுமைப் பூ வேலை. ஒரு தாலந்து பொன், அதாவது முப்பது கிலோவுக்கு மேல், ஒரே துண்டாக அடித்துச் செய்தது. மெழுகுவர்த்தியும் கிடையாது, ஒலிவ எண்ணெய்தான். படம் வேண்டுமென்றால் ரோமில் தீத்து வளைவில் பாருங்கள். கி.பி. 70-இல் எருசலேமை அழித்துக் கொள்ளையிட்டுப் போன வீரர்கள் அந்த விளக்கைத் தோளில் தூக்கிப் போவதைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கிருபாசனமும் இப்படித்தான். ஆசனம் என்றதும் பிள்ளைகள் நாற்காலி வரைந்துவிடுகிறார்கள். எபிரெயச் சொல் கப்போரெத். பெட்டியின்மேல் வைத்த பசும்பொன் மூடி அது. கடவுளைக் கேருபீன்கள் என்ற சிறகுள்ள உருவங்களின்மேல் வீற்றிருப்பவர் என்று சொல்லும் வழக்கு இருப்பதால் ஆசனம் என்பது முழுத் தவறும் இல்லை. ஆனால் மூடி என்று ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள்.

கூடாரத்தில் கடவுளுக்கு முன்பாக வைத்த சமுகத்தப்பம் என்றால் சமுகத்து அப்பம். "தப்பம்" என்று ஒரு பலகாரம் இருப்பதாகப் பத்து வயது வரை நான் நம்பியிருந்தேன்.

பெட்டியின் அளவு

இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம், ஒன்றரை முழ உயரம். சுமார் 112 சென்டிமீட்டருக்கு 67-க்கு 67. வீட்டுப் பரணில் கிடக்கும் பெரிய டிரங்குப் பெட்டி அளவு. மாட்டு வண்டி அளவுக்கு வரையாதீர்கள்.

எந்தக் காலம், எந்தக் கட்டடம்?

மோசேயின் கூடாரம், சாலொமோன் கட்டிய ஆலயம், பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் கட்டி ஏரோது பெரிதாக்கிய ஆலயம். மூன்றையும் ஒரே சார்ட்டில் ஏற்றிவிடுகிறோம். கூடாரத்தில் விளக்குத்தண்டு ஒன்று. சாலொமோனின் ஆலயத்தில் வலதுபுறம் ஐந்து, இடதுபுறம் ஐந்து என்று பத்து. கூடாரத்தில் கேருபீன்கள் பெட்டியின் மூடியோடு ஒன்றாக அடிக்கப்பட்டவை. சாலொமோனோ ஒலிவ மரத்தில் பத்து முழ உயரத்துக்குத் தனியாக இரண்டு செய்து நிறுத்தினான். நான்கு சிறகுகளும் சேர்ந்து இருபது முழ அறையைச் சுவருக்குச் சுவர் நிறைத்தன. பெட்டி அவற்றின் நிழலில்தான் இருந்தது. இரண்டாம் ஆலயத்தில் பெட்டியே இல்லை.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்ற கேள்வியிலும் இதே சிக்கல். எபிரெயர் 9 மன்னா வைத்த பொற்பாத்திரம், ஆரோனின் கோல், கற்பலகைகள் என்று மூன்றைச் சொல்கிறது. 1 இராஜாக்கள் 8:9 இரண்டு கற்பலகைகள் தவிர வேறொன்றும் இல்லை என்கிறது. யாத்திராகமத்தையும் எண்ணாகமத்தையும் திறந்தால் மன்னாவும் கோலும் சாட்சிக்கு, அதாவது பெட்டிக்கு, முன்பாக வைக்கப்பட்டன என்று இருக்கிறது. மாணவன் இதைக் கேட்டால் மழுப்பாமல் மூன்று இடங்களையும் வாசித்துக் காட்டுங்கள்.

கயிறு

இந்தக் கதையை நான் ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் திரைக்கு அப்பால் உள்ள மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவான். அங்கியின் ஓரத்தில் பொன்மணிகள் ஒலிக்கும். அவனிடம் பாவம் இருந்தால் அங்கேயே விழுந்து செத்துப்போவான். மணிச்சத்தம் நின்றதும் வெளியே இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். சொல்லும்போது வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். கண்காட்சி ஒன்றில் சணல் கயிற்றோடு மாதிரி வைத்து, அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

என் வகுப்பில் படித்த பையன் ஒருவன் இறையியல் படிக்க விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போனான். பிரதான ஆசாரியனின் பணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவன் உற்சாகமாகக் கயிற்றில் போய் நின்றிருக்கிறான். "எந்த வசனம் தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி. அந்த வருடம் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வந்தவன் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல், "எந்த வசனம் சார்?" என்று கேட்டான். அன்று இரவு பன்னிரண்டு மணி வரை, எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கியத்தைப் புரட்டினேன். இல்லை. லேவியராகமம் 16-இல் இல்லை, யாத்திராகமம் 28-இல் இல்லை, எபிரெயரில் இல்லை.

அப்புறம் வேதத்துக்கு வெளியே தேடினேன். இரண்டாம் ஆலயத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசபஸ்) இப்படி ஒரு கயிற்றைச் சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் அந்த ஒரு நாளுக்கென்றே யோமா என்று தனிப் பகுதி இருக்கிறது. ஆசாரியன் எத்தனை முறை முழுகவேண்டும், இரத்தத்தைத் தெளிக்கும்போது எப்படி எண்ணவேண்டும் என்பது வரை அதில் உண்டு. கயிறு மட்டும் இல்லை. கயிறு முதன்முதலில் தலைகாட்டுவது சோகாரில். அது 13-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வெளிப்பட்ட யூத மறைஞான நூல். ஆலயம் இடிந்து கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு வருடங்களுக்குப் பிறகு.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது, சோகார் என்ற பெயரே தெரியாமல் இந்தக் கதையை உடைத்திருக்கலாம் என்பதுதான். வேதம் கையிலேயே இருந்தது. மணிகள் தைத்த நீல அங்கி, ஏபோத்து என்ற மேலுடை, மார்ப்பதக்கம் எல்லாம் மற்ற நாட்களின் உடை. லேவியராகமம் 16:4 பாருங்கள். அந்த நாளில் திரைக்குள் போகும்போது அவன் அவற்றைக் கழற்றிவிட்டு வெறும் சணல்நூல் (லினன்) அங்கி, சணல்நூல் சல்லடம், இடைக்கச்சை, பாகை என்று நான்கே துணியில் போகிறான். மணியே இல்லை. இல்லாத மணி எப்படி நிற்கும்?

யாத்திராகமம் 28:35-இல் ஆரோன் சாகாதபடிக்கு மணிச்சத்தம் கேட்கவேண்டும் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது திரைக்கு வெளியே உள்ள பரிசுத்த ஸ்தலத்தில் செய்யும் வழக்கமான ஊழியம். அந்த வசனத்தையும் பாவநிவாரண நாளையும் யாரோ ஒட்டுப்போட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

உள்ளே செத்தவர்களை எப்படி எடுப்பது என்பதற்கும் வேதத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து செத்தபோது, மோசே மீஷாவேல், எல்சாபான் என்ற உறவினர்களைக் கூப்பிட்டு, பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னிருந்து பாளயத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னான். அவர்கள் கிட்டே போய், உடுத்திய அங்கிகளோடே தூக்கிப் போனார்கள். லேவியராகமம் 10. இந்தச் சாவுக்குப் பிறகு சொல்லப்பட்டதுதான் 16-ஆம் அதிகாரம் என்று அதன் முதல் வசனமே சொல்கிறது.

இன்னொன்று. இரண்டாம் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு முன்னால் ஒரு முழ இடைவெளி விட்டு இரண்டு திரைகள் என்கிறது யோமா. வெளித்திரை தெற்கு ஓரத்தில் திறக்கும், உள்திரை வடக்கு ஓரத்தில் திறக்கும். ஆசாரியன் நடுவே நடந்து திரும்பி உள்ளே போகவேண்டும். அந்த இரண்டு வளைவிலும் ஓர் ஆளைக் கயிற்றில் இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும், கதை சொல்கிறவர்களை.

பயம் இல்லாமல் இல்லை. உண்மையான பயம் அதே யோமாவில் இருக்கிறது, கயிற்றைவிட எவ்வளவோ நன்றாக. ஏழு நாள் முன்பே ஆசாரியனை வீட்டிலிருந்து பிரித்து வைத்தார்கள். அவனுக்குத் தீட்டு ஏற்பட்டுவிட்டால் என்ன செய்வது என்று மாற்று ஆள் ஒருவரைத் தயாராக வைத்தார்கள். உள்ளே தூபம் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அவன் சின்னதாக ஒரு ஜெபம் செய்வான். நீட்டமாட்டான். தாமதித்தால் வெளியே ஜனங்கள் கலங்கிப்போவார்கள் என்பதால். நல்லபடியாக எல்லாம் முடிந்த அன்று சிநேகிதர்களுக்கு விருந்து வைப்பான். இதைச் சொன்னாலும் வகுப்பு அமைதியாகிறது. சொல்லிப் பாருங்கள்.

கேருபீன்கள் குண்டுக் குழந்தைகள் அல்ல

அது ஐரோப்பிய ஓவியம். அந்தக் காலத்துக் கானானிலும் அசீரியாவிலும் சிறகுள்ள சிங்க, காளை உடல்களைத்தான் சிங்காசனத்துக்கும் வாசலுக்கும் காவல் வைத்தார்கள்.

ஊரீம் தும்மீம் வரைவது

கடவுளின் சித்தத்தை அறிய ஆசாரியன் மார்ப்பதக்கத்தில் வைத்திருந்தவை இவை. வடிவத்தை வேதம் சொல்லவில்லை. வரையாதீர்கள்.

பெட்டி இருந்தால் ஜெயம்

எபெனேசரில் இஸ்ரவேலர் இதைத்தான் நம்பினார்கள். பெலிஸ்தரிடம் தோற்றதும் சீலோவிலிருந்து பெட்டியை எடுத்துவரச் சொன்னார்கள். பாளயம் அதிர ஆர்ப்பரித்தார்கள். மறுபடி தோற்றார்கள், இன்னும் மோசமாக. பெட்டியும் போனது. பெட்டியோடு வந்த ஆசாரியர்கள் ஓப்னியும் பினெகாசும் செத்தார்கள். செய்தி கேட்ட அவர்கள் தகப்பன் ஏலி, 98 வயது, மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து செத்தான். நாம் இந்தக் காட்சியை ஓட்டமாகக் கடந்து, பெலிஸ்தரின் தெய்வம் தாகோன் பெட்டிக்கு முன் முகங்குப்புற விழுந்ததில் போய்க் கைதட்டுகிறோம். தோல்வியில் கொஞ்சம் நில்லுங்கள்.

மாடு மிரண்டபோது பெட்டியைப் பிடித்த ஊசா செத்த கதையிலும் வண்டியைத் தவறவிடுகிறோம். மோசே லேவியருக்கு ஆறு வண்டிகள் பிரித்துக் கொடுத்தபோது கெர்சோன் புத்திரருக்கு இரண்டு, மெராரி புத்திரருக்கு நாலு. கோகாத் புத்திரருக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் பெட்டி முதலான பரிசுத்தப் பொருட்களை அவர்கள் சுமப்பது தோளில். பெட்டியைப் புது வண்டியில் ஏற்றுவது பெலிஸ்தர் செய்த வழி. தாவீதும் அதையே செய்தான், மாடு மிரண்டது. நாளாகமத்தில் அவனே பிறகு அந்த முறைகேட்டை ஒத்துக்கொள்கிறான். ஊசா ஏன் சாகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வண்டியிலிருந்து ஆரம்பித்தால் பாதியாவது பதில் சொல்லலாம்.

புனிதமான பொருளை யாரும் உடைக்கமாட்டார்கள் என்று நினைப்பது

யூதாவின் ராஜா எசேக்கியா உடைத்தான். அதுவும் மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தை. அதற்கு ஜனங்கள் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நிகுஸ்தான், அதாவது வெண்கலத் துண்டு என்று பேர்வைத்துத் தூளாக்கினான்.

எருசலேமுக்கு வெளியே பலிபீடமே இருந்ததில்லை என்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நெகேவ் பாலைவன ஓரத்தில் தெல் ஆராதில் யூதாவின் கோட்டைக்குள்ளேயே ஒரு சிறு ஆலயத்தை 1960-களில் தோண்டி எடுத்தார்கள். உள்ளறை வாசலில் இரண்டு தூபக் கற்கள் படுத்த நிலையில் கிடந்தன. 2020-இல் வெளிவந்த ஆய்வில் ஒன்றின் மேற்பரப்பில் சாம்பிராணிப் பிசினும் இன்னொன்றில் கஞ்சாவும் இருந்தது தெரியவந்தது. இதை வகுப்பில் சொன்னால் பின்வரிசைப் பையன்கள் விழித்துக்கொள்வார்கள். முன்வரிசைப் பாட்டிகள் முறைப்பார்கள்.

பெட்டி இப்போது எங்கே?

வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இந்தக் கேள்வி தின்றுவிடும். எத்தியோப்பியாவின் அக்சூம் நகரில் இருப்பதாக அங்குள்ள திருச்சபை நம்புகிறது. எரேமியா மலையில் ஒளித்துவைத்தார் என்கிறது மக்கபேயரின் இரண்டாம் நூல். பாபிலோனியர் அள்ளிப்போனவற்றை 2 இராஜாக்கள் 25 பட்டியலிடுகிறது: வெண்கலத் தூண்கள், கடல்தொட்டி, செப்புச்சட்டிகள், கரண்டிகள். பெட்டி அதில் இல்லை. எஸ்றா முதல் அதிகாரத்தில் திரும்பி வந்த பொன், வெள்ளிப் பணிமுட்டுகள் 5,400. அதிலும் இல்லை. கி.மு. 63-இல் எருசலேமைப் பிடித்த ரோமத் தளபதி பொம்பேய் ஆலயத்துக்குள் நடந்துபோய்ப் பார்த்தான். உள்ளறையில் ஒன்றும் இல்லை என்று யோசேப்பும் எழுதுகிறார், ரோம வரலாற்றாசிரியர் தாசித்துவும் எழுதுகிறார்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கயிற்றை உருவி எடுத்துவிட்டார். அட்டையில் ஓட்டை மட்டும் நின்றது. அடுத்த வருடம் இரண்டாம் ஆலயம் செய்யப் போகிறாராம்.

"அப்ப உள்ளறையில என்ன சார் வைக்கிறது?"

"ஒரு கல். பெட்டி இருந்த இடத்துல தரையிலிருந்து மூணு விரல் உயரத்துக்கு ஒரு கல் இருந்துச்சு, தூபகலசத்தை அதுமேலதான் வச்சாங்கன்னு யோமாவில இருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தெர்மோகோலே போதும்."