மலையிலிருந்து கோவைக்குக் குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் எங்கள் தெருவில் "கீழே போயிருக்காங்க" என்றால் கோவைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண ஜவுளி, வேலை எல்லாமே கீழேதான். நானும் ஒன்பது வருஷம் சிங்காநல்லூரில் குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். இப்போது யார் வீட்டுப் பிள்ளை கீழே போனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறேன். கேட்காமல் போய்ப் பட்டவர்களைப் பார்த்துவிட்டேன்.

பெரிய தவறுகள் எல்லாம் வீடு பார்ப்பதில்தான். நமக்கு உயரம் பிடிக்கும், காற்று வேண்டும். அதனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஒரு டிசம்பரில் கொடுத்தேன். ஏப்ரல் வந்தது. இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி சூடு. பையன் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தான். கீழ்த்தளமோ நடுத்தளமோ பாருங்கள். முடிந்தால் ஒரு தடவையாவது மத்தியான வெயிலில் போய்ப் பாருங்கள்.

"தண்ணி வருமா?" என்று கேட்டால் "வரும்" என்றுதான் சொல்வார்கள். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேளுங்கள். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. பருப்பு வேகாது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இப்படி இரண்டு விதத் தண்ணீர் இருப்பதே தெரியாது. நல்ல தண்ணி சில பகுதிகளுக்கு சிறுவாணி அணையிலிருந்து, சில பகுதிகளுக்கு பில்லூர் அணையிலிருந்து வரும். பில்லூர் அணைக்கு நம் மலையின் குந்தா ஆற்றுத் தண்ணீரும் போகிறது.

அடுத்தது பள்ளம். கோவையில் ஒரு தெருவை "பள்ளத்து ஓரம்" என்றால் அங்கே ஓடை ஓடுகிறது என்று பொருள். சங்கனூர் பள்ளம் மாதிரி இடங்களில் கோடையில் வீடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் தெரியும். பக்கத்து மளிகைக் கடையில், போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

லைன் வீடு என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைனை விட்டு வந்தது மறுபடி லைனுக்குப் போகவா என்று. அது வேறு, இது வேறு. மில் வேலைக்காரர்கள் குடியிருந்த பகுதிகளில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக வீடுகள் இருக்கும். வாடகை குறைவு, வாசலில் எப்போதும் ஆள் இருக்கும். தனியாக வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நான் அதைத்தான் சொல்வேன். குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் இந்த மில் பெயர்கள். லட்சுமி மில்ஸ், பங்கஜா மில் என்று இடங்களுக்குப் பெயர் இருக்கும். புகைபோக்கியைத் தேடி ஸ்டாப்பைத் தவறவிடாதீர்கள், கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஸ்பின்னிங் மில்லில் ஆரம்பித்து வளர்ந்த ஊர் அது. 1932-ல் நம் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் போன பிறகுதான் மில்கள் வேகமாகப் பெருகின. எங்கள் காம்பவுண்டில் இருந்த ஒரு பெரியவர், ரிங் ஃபிரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினில் வேலை பார்த்தவர், நான் நீலகிரி என்றதும் "பைக்காராவுல தண்ணி இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். அங்கே தண்ணீர் குறைந்தால் இங்கே கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் ஷிப்ட் குறையும் என்று வாழ்ந்த மனிதர்.

அதனால்தான் பூட்டிக் கிடக்கிற மில்லைப் பாழடைந்த கட்டிடம் என்று நினைத்து, சுவரேறிப் போட்டோ எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 ஊரடங்கில் நின்றவை. கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவர் அங்கே முப்பது வருஷம் உழைத்தவராக இருக்கலாம். வெளியிலிருந்தே பாருங்கள், அவரிடம் பேசுங்கள்.

நொய்யலை உக்கடம் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு "இதுவா ஆறு?" என்று கேட்பதும் தவறு. ஆடியில் வெள்ளியங்கிரியில் நல்ல மழை பெய்த பிறகு சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்கோ பேரூர் படித்துறைக்கோ போய்ப் பாருங்கள். தண்ணீர் வேகமாக வந்தால் படியிறங்க வேண்டாம். திதி கொடுத்த துணியை ஆற்றில் விடவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்காக மட்டும் போகிறவர்களுக்கு: வெறும் வயிற்றில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமானால் விடியற்காலை பஸ்ஸில் மலையிறங்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, போய்ச் சேரும்போது மயக்கம் வந்துவிடும். முந்தின நாளே போய் மேட்டுப்பாளையத்திலாவது தங்குங்கள். திரும்பும்போது காந்திபுரத்தில் நிற்காமல் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள், ஊட்டி பஸ் அங்கேதான். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும் முன் வீட்டுக்கு போன் போட்டு, காட் ரோடு, அதாவது குன்னூர் மலைப்பாதை, திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகத்தான் விடுவார்கள். அன்றைக்குக் குன்னூர்க்காரர்கள் வீடு சேர நேரமாகும், கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.