பிரெஞ்சில் கேள்வி கேட்கும்போது சறுக்கும் இடங்கள்

'நீ வருகிறாயா?' என்று பிரெஞ்சில் கேட்க மூன்று வழிகள் உண்டு. சாதாரண வாக்கியத்தையே கடைசியில் குரலை உயர்த்தி 'த்யு வியென்?' என்று கேட்கலாம். இது வீட்டுக்கும் நண்பர்களுக்கும். முன்னால் 'எஸ் க' சேர்த்து 'எஸ் க த்யு வியென்?' என்று கேட்கலாம். இது எங்கேயும் செல்லும். வினைச்சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்து 'வியென் த்யு?' என்றும் கேட்கலாம். கடிதம், நேர்காணல், செய்தி போன்ற இடங்களுக்கு இதுதான் பொருத்தம். மூன்றில் எதை எடுத்தாலும் தப்பில்லை. ஒன்றின் பாதியை இன்னொன்றோடு ஒட்டும்போதுதான் சிக்கல்.

அடிக்கடி காதில் விழும் தவறு 'ஊ எஸ் க அலே வூ?' என்பது. 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்க 'ஊ எஸ் க வூஸ் அலே?' என்றோ 'ஊ அலே வூ?' என்றோ சொன்னால் போதும். 'எஸ் க' என்பதே 'ஸே' (அது ஆகும்) என்பதைத் திருப்பிப் போட்டுப் பிறந்தது. திருப்பும் வேலை அதற்குள்ளேயே முடிந்துவிட்டது. பின்னால் வரும் வினைச்சொல்லை மறுபடி திருப்பினால் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டது போல ஆகிவிடும்.

திருப்பிப் போடும் முறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். வினைச்சொல் உயிரெழுத்தில் முடிந்து அடுத்து 'இல்' (அவன்), 'எல்' (அவள்) வந்தால் நடுவில் ஒரு 'டி' எழுத்து இரு பக்கமும் இணைப்புக்கோட்டோடு வர வேண்டும்: 'பார்ல் தில்?' (அவன் பேசுகிறானா?), 'ஆ தெல்?' (அவளிடம் இருக்கிறதா?). வினைச்சொல்லே டி எழுத்தில் முடிந்தால் இன்னொன்று சேர்க்கக் கூடாது. அப்புறம், ஆள் பெயர் வரும் கேள்வி. 'மரி வருகிறாளா' என்பதற்கு 'வியென் மரி?' என்று திருப்புவது பிழை. பெயரை அதன் இடத்திலேயே விட்டு, பின்னால் 'அவள்' சேர்த்து 'மரி வியென் தெல்?' என்று கேட்க வேண்டும். 'நான்' வந்தால் பெரும்பாலும் திருப்பாமல் இருப்பதே நல்லது. 'நான் செய்யலாமா' என்பதற்கு 'பெ ஜ' என்ற வடிவமே கிடையாது, 'ப்வி ஜ' தான். அது கொஞ்சம் விறைப்பாகத் தோன்றினால் 'எஸ் க ஜ பெ' போதும்.

'என்ன' என்பதற்கு வாக்கியத்தின் முதலில் 'க', கடைசியில் 'க்வா'. 'என்ன செய்கிறீர்கள்' என்று கேட்க 'க ஃபெத் வூ?' சரி, 'வூ ஃபெத் க்வா?' சரி, 'க்வா ஃபெத் வூ?' தவறு. நடுத்தரமாக 'கெஸ் க வூ ஃபெத்?' இருக்கிறது. பேச்சில் பெரும்பாலும் இதையே கேட்பீர்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கென்றே ஒரு இடறல் உண்டு. நமக்கு 'வருகிறாயா' என்பதில் உள்ள 'ஆ' கேள்வி என்று காட்டிவிடுகிறது, குரலை ஏற்ற வேண்டியதில்லை. அதே பழக்கத்தில் 'த்யு வியென்' என்று சமமாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அது 'நீ வருகிறாய்' என்றுதான் கேட்கும். கடைசி அசையில் குரல் ஏற வேண்டும். கியூபெக்கில் இதற்கு ஒரு வசதி உண்டு: வினைச்சொல்லின் பின்னால் 'த்யு' ஒட்டி 'ஸே த்யு லுவென்?' (தூரமா?) என்பார்கள், ஏறக்குறைய நம் 'ஆ' போலவே. மாண்ட்ரியல் தெருவில் அது இயல்பு. பாரிஸ் அலுவலகத்துக்கோ தேர்வுத்தாளுக்கோ கொண்டுபோகாதீர்கள்.

திருப்பிப் போட்டால் மரியாதை தானாக வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. ரொட்டிக் கடையில் நுழைந்ததும் 'அவே வூ யுன் பகெத்?' (பகெத் என்ற நீள ரொட்டி இருக்கிறதா?) என்றால் இலக்கணம் சுத்தம், ஆனால் 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாததால் முகம் சுளிப்பார்கள். 'போன்ஜூர்' சொல்லிவிட்டு 'ஜ பூரே அவ்வார் யுன் பகெத், ஸில் வூ ப்லே?' என்று கேட்டுப் பாருங்கள். வாக்கியம் திருப்பப்படவே இல்லை, ஆனாலும் பணிவு தெரிகிறது. 'முடியும்' என்பதை 'முடியுமானால்' என்ற தொனிக்கு மாற்றும் 'பூரே' என்ற அந்த வடிவம்தான் இங்கே வேலை செய்கிறது. தெரியாதவரிடம் 'த்யு' (நீ) போட்டுவிட்டு வினையைத் திருப்பிப் பயனில்லை. முதலில் 'வூ' (நீங்கள்) சரியாக இருக்க வேண்டும்.

பதில் சொல்லும் இடத்திலும் ஒரு வழுக்கல். 'த்யு ந வியென் பா?' (நீ வரவில்லையா?) என்றால் நாம் 'ஆமாம், வரவில்லை' என்போம். அந்த 'ஆமாம்' பிரெஞ்சில் 'வி' ஆகாது. வரவில்லை என்றால் 'நோன்'. வருகிறேன் என்றால் 'ஸி'. இந்த 'ஸி' எதிர்மறையாகக் கேட்டதையோ சொன்னதையோ மறுக்க மட்டுமே. 'த்யு வியென்?' என்று நேராகக் கேட்டதற்குப் பழையபடி 'வி' தான்.