டர்ன்டேபிள் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஊசியைப் பாருங்கள்

25,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய்க்குள் ஒரு டர்ன்டேபிள் வாங்கி, வீட்டில் இருக்கும் எல்.பி.களை நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த விலையில் நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வியே பெரும்பாலும் புளூடூத் இருக்கிறதா, யூஎஸ்பி இருக்கிறதா என்பதுதான். ரெக்கார்டைத் தொடுவது ஊசி. அந்த ஊசியைப் பிடித்திருப்பது, அதன் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்குவது டோன் ஆர்ம் என்ற நீளமான கை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், இவை சரியில்லை என்றால் வேறு எது இருந்தும் பயனில்லை.

அதனால் பெரிய தவறு, கார்ட்ரிட்ஜைக் கழற்ற முடியாத, ஊசி ரெக்கார்டை அழுத்தும் எடையை மாற்ற முடியாத கருவியை வாங்குவது. சூட்கேஸ் மாடல்கள் இதில் மோசமானவை. அவற்றில் பெரும்பாலும் செராமிக் என்ற மலிவு வகைக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும், ஊசி ரெக்கார்டின் மேல் 5 கிராம் அளவுக்கு அழுத்தும். மூவிங் மேக்னட் என்ற வகையில் நல்ல கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். சத்தம் சுமாராக இருக்கும் என்பதோடு போனால் பரவாயில்லை, ஆனால் தேய்வது உங்கள் ரெக்கார்டு. கொல்கத்தா டம்டத்தில் இருந்த எச்.எம்.வி. தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் அச்சான ஒரு தமிழ் எல்.பி. தேய்ந்துபோனால் அதே தட்டை இன்னொரு முறை தேடிப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

உதாரணமாக, ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ் டர்ன்டேபிளில் விஎம்95இ கார்ட்ரிட்ஜ் வரும். அதன் ஊசியை மட்டும் விரலால் உருவிவிட்டு அதே வரிசையில் மேலான ஒன்றைப் பொருத்தலாம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜும் அப்படித்தான், பிறகு மனசிருந்தால் ப்ளூ ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். எந்தக் கருவியாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன்பே அதற்கு மாற்று ஊசி இந்தியாவில் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். ஊசி தேயும் பொருள், சில நூறு மணி நேரத்துக்குப் பிறகு மாற்றித்தான் ஆக வேண்டும்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறு எடை வைப்பதில். டோன் ஆர்மின் பின்பக்கம் இருக்கும் கவுன்ட்டர்வெயிட்டைத் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது எண்கள் போட்ட வளையத்தை மட்டும் திருப்பி 0-வில் வைத்து, பிறகு வளையமும் சேர்ந்து சுற்றும்படி எடையைத் திருகி 2 கிராமுக்குக் கொண்டுவர வேண்டும் (விஎம்95இ-க்கு இது, 2எம் ரெட் என்றால் 1.8). ரெக்கார்டு தேயக் கூடாது என்று இதைவிடக் குறைத்து வைக்கிறவர்கள் உண்டு. அது எதிர்விளைவைத்தான் தரும்: எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவர்களில் ஒழுங்காக உட்காராமல் துள்ளும், அந்தத் துள்ளல்தான் பள்ளத்தைச் சிதைக்கும்.

அப்புறம் போனோ ப்ரீஆம்ப். இதைக் கணக்கில் சேர்க்காமல் பட்ஜெட் போடுகிறவர்கள் அதிகம். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட் வரை. அது மட்டுமல்ல, ரெக்கார்டு வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், 1954-லிருந்து ஆர்ஐஏஏ என்ற பொது அளவு இதற்கு இருக்கிறது. அந்தச் சிறு சிக்னலைப் பெருக்குவதும், பாஸையும் ட்ரெபிளையும் திருப்பிச் சமன் செய்வதும் ப்ரீஆம்பின் வேலை. எல்பி120எக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது, பின்னால் ஒரு ஸ்விட்ச். சாதாரண ரேகா பிளானர் 1-லும் ப்ரோ-ஜெக்ட் டெபியூ கார்பன் ஈவோவிலும் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். இன்னொன்று, உள்ளே இருக்கும் ப்ரீஆம்பை ஆன் செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் ப்ரீஆம்போடு வரும் போனோ இன்புட்டிலும் செருகினால் சத்தம் கரகரவென்று உடைந்துதான் வரும். அதைக் கேட்டுக் கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

மோட்டார் தட்டைப் பெல்ட் வழியாகச் சுழற்ற வேண்டுமா, நேரடியாகவா (டைரக்ட் டிரைவ்) என்ற சண்டையில் இந்த விலையில் அர்த்தமே இல்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் மோட்டார் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, குறிப்பாக அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய பெல்ட் டிரைவ் கருவிகளில். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸுக்கு ஏற்ப வேகம் மாறும் பழைய ஏசி சின்க்ரனஸ் மோட்டாராக இருந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாகத்தான் சுற்றும். பாட்டு இழுக்கும், சுருதியும் இறங்கிவிடும்: 5 கட்டையில் பாடியவர் ஏறத்தாழ 3 கட்டையில் பாடுவார்! டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

தாத்தா காலத்து 78 ரெக்கார்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று) வைத்திருப்பவர்கள் '78 வேகம் உண்டு' என்ற வரியை மட்டும் நம்பி வாங்குகிறார்கள். வேகம் போதாது. அந்தப் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசியைவிட நான்கு மடங்கு தடிமனான ஊசி வேண்டும். விஎம்95 வரிசையில் 78-க்கென்றே எஸ்பி என்று ஒரு ஊசி இருக்கிறது.

வைக்கும் இடமும் முக்கியம். ஸ்பீக்கர் இருக்கும் அதே பலகையில் டர்ன்டேபிளை வைத்தால் பாஸ் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போய் உறுமும். கனமான, ஆடாத தனி மேஜையில், ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக வையுங்கள். சுழலும் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், தூசி முழுக்கத் தட்டில்தான் இறங்கும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது முதல் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார்கள். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் வேகமாக ஓடுவதால் சுமாரான கார்ட்ரிட்ஜ்கூட அங்கே நன்றாகத்தான் பாடும். உள் ஓரத்தில் அந்த வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். நீங்களே ஒரு ரெக்கார்டைக் கொண்டுபோய் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். 'ச', 'ஸ' வரும் இடங்களில் எச்சில் தெறிப்பதுபோல் கேட்டால் கார்ட்ரிட்ஜ் சரியாகப் பொருத்தப்படவில்லை அல்லது ஊசி தரமில்லை. பொருத்தியதைச் சரிசெய்து அதே பாட்டை மறுபடியும் போடச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் தெறித்தால் அந்தக் கருவி வேண்டாம்.