பங்குனியில் குளத்தடிக்கு வாருங்கள்: வலசைப் பறவை பார்க்கப் புதியவர்களுக்கு

வலசைப் பறவை பார்க்க மார்கழி, தைதான் காலம் என்று வன்னியில் பலரும் சொல்வார்கள். பெருங்கூட்டம் பார்க்க அது சரி. ஆனால் புதிதாகத் தொடங்குகிற ஒருவரை நான் பங்குனியில்தான் கூட்டிப்போவேன். பறவைகள் வடக்கே திரும்பப்போகிற நேரம் அது. இனப்பெருக்கத்துக்கான நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். மாரியில் ஒரே சாம்பலாகத் தெரிந்த உள்ளான்களைக்கூட, அதாவது சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளைக்கூட, அப்போது பிரித்துச் சொல்லலாம். குளமும் வற்றி, சேற்றுக்கரை வெளியே வந்திருக்கும்.

முதலில் இடம். மன்னார்ப் பக்கம் என்றால் முருங்கனுக்குக் கிட்டவுள்ள கட்டுக்கரைக்குளம். 1954 முதல் அது சரணாலயம். கிளிநொச்சிக்காரருக்கு இரணைமடு. பூநாரை பார்க்க ஆசை என்றால் சுண்டிக்குளம் களப்பு: 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. ஆனாலும் முதல் தடவைக்குக் குளம்தான் நல்லது. களப்பில் பறவைகள் பெரும்பாலும் தூரத்தில் நிற்கும், கானல் வேறு.

8×42 தொலைநோக்கி (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்வில்லை 42 மில்லிமீற்றர்), கொப்பி, பென்சில், தொப்பி, தண்ணீர்ப் போத்தல் போதும். பறவையை அடையாளம் காண உதவும் மேர்லின் செயலியில் இலங்கைப் பறவைகளின் தொகுப்பை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள்.

விடிய ஆறு மணிக்குக் குளக்கட்டில் நில்லுங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி. உடனே தொலைநோக்கியைத் தூக்க வேண்டாம். வெறுங்கண்ணால் குளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் ஆழத் தண்ணீர், சேறு, தாமரைப் பக்கம் என்று வரிசையாக வாருங்கள்.

ஆழத் தண்ணீரில் வாத்துகள். ஊசிவால் வாத்தை வாலே காட்டிக்கொடுக்கும். நீலச்சிறகியில் ஆணைத் தேடுங்கள்: மண்ணிறத் தலை, கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை வளைந்து இறங்கும் தடித்த வெள்ளைக் கோடு. ஐப்பசியில் வந்திறங்கும்போது அந்தக் கோடு தெளிவாக இராது, ஆணும் பெண்ணும் ஒன்றுபோலத்தான் தெரியும். வாத்துகள் முந்திப் போய்விடும், ஆகவே பிந்தாதீர்கள்.

சேற்றில்தான் நேரம் எடுக்க வேண்டும். கீழ்நோக்கி வளைந்த அலகோடு விடாமல் குத்திக்கொண்டிருப்பது வளைமூக்கு உள்ளான். ஒன்றின் நெஞ்சும் வயிறும் முழுக்கச் செங்கல் நிறமாயிருக்கும். பக்கத்தில் நிற்பதில் சாம்பலுக்கு நடுவே அங்கங்கே திட்டுத் திட்டாகச் சிவப்பு முளைத்திருக்கும். இரண்டும் ஒரே இனம்தான். கொசு உள்ளான் அதைவிடச் சின்னது, நேரான குட்டை அலகு. கருவால் மூக்கனுக்கு நீண்ட நேர் அலகு. கழுத்தில் செம்மை ஏறியிருக்கும்.

கிட்டப் போய்ப் படம் எடுக்க ஆசை வரும். தயவுசெய்து போகாதீர்கள். இந்த உள்ளான்கள் சைபீரிய வடகோடிவரை பறப்பதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. கலைத்து எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் பொருத்திய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போயிருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதைப் பசியோடு அனுப்பலாமா? பறவைகள் தலை நிமிர்த்தி, தின்பதை நிறுத்திவிட்டால் நீங்கள் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள்.

அலைகரையில் முதலை, பின்னேரத்தில் யானை, இரண்டையும் மனதில் வையுங்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் காலே வைக்க வேண்டாம். புதிய இடமென்றால் ஊர் மீனவரிடமோ மாடு மேய்ப்பவரிடமோ கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கடைசியாகக் குறிப்பு. திகதி, நேரம், இடம், இனம், எண்ணிக்கை, நிறம் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பதை எழுதுங்கள். பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிற வளையம் இருந்தால் அதன் எழுத்தையும் எழுதி, வீடு வந்ததும் பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். வந்த நாளை எல்லோரும் குறிப்பார்கள், போன நாளைக் குறிப்பவர் குறைவு. அதனால் சித்திரை முடியும்வரை கிழமைக்கு ஒருதடவை அதே இடத்துக்குப் போங்கள். ஆனியிலும் சேற்றில் சில சாம்பல் உள்ளான்கள் நிற்கும். நோயென்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் முதல் வருடக் குஞ்சுகள், அந்தமுறை வடக்கே போகாமல் தங்கிவிடுபவை. அவற்றையும் எண்ணி எழுதுங்கள்.